உச்சிவேளைத் தபால்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் அருவிமங்கலம் என்ற சீமையைச் சொக்கபூபதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் யாராவது புகழ்ந்துவிட்டால் போதும், மனுஷன் அப்படியே உருகிவிடுவான்.

அந்தச் சீமையில் தபால் விடியற்காலையில் வரும். பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் தபால்காரரே வாசலில் நின்று ஓலையைப் படித்துக் காட்டிவிட்டுப் போவார். அவரவர் வீட்டு வாசலில்தான் கொடுக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் ஓலை எழுதினவருக்கே திரும்பிப் போய்விடும். அதுதான் அங்கே வழக்கம்.

ராஜாவுக்கும் பக்கத்து அரசர்கள் ஆளுக்கொரு புகழ்மாலை எழுதி அனுப்புவார்கள். விடியற்காலையில் அதைக் கொட்டாவி விட்டுக்கொண்டு தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று அவனுக்கு ஒரே குறை. இதை மோப்பம் பிடித்தான் சபையில் இருந்த தாண்டவராயன். தபால் வேலையெல்லாம் மந்திரி நல்லமுத்துவின் பொறுப்பில் இருப்பதில் அவனுக்கு ஏக வயிற்றெரிச்சல்.

"மகாராஜா, தபாலை உச்சிவேளைக்கு மாற்றிவிடுங்கள். அப்போது சபை நிறைந்திருக்கும், உங்கள் புகழை எல்லாரும் கேட்பார்கள். மந்திரிக்கு இதுகூடத் தோன்றவில்லை பாருங்கள்!"

ராஜாவுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அன்றைக்கே உத்தரவு போட்டான்.

அட, உச்சிவேளையில் எவன் வீட்டில் உட்கார்ந்திருப்பான்? எல்லாரும் வேலைக்குப் போயிருக்க, ஓலைகள் மூட்டை மூட்டையாகத் திரும்பிப் போயின. அரண்மனைச் சமையல்காரி வெள்ளையம்மாளின் ஒரே மகன் எல்லைக் காவலில் காய்ச்சலாகக் கிடப்பதாக முன்னால் ஒரு ஓலை வந்திருந்தது. அதற்குப் பிறகு வந்த ஓலையெல்லாம் பூட்டின கதவைப் பார்த்துத் திரும்பிவிட்டது. அவளோ அந்த நேரத்தில் ராஜாவுக்குக் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, என் புள்ள உசுரோட இருக்கானான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்யா" என்று மந்திரியிடம் வந்து அழுதாள்.

நல்லமுத்து ராஜாவிடம் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். ம்ஹூம், காதில் ஏறவில்லை. கடைசியில் பணிவாகக் கேட்டார்: "ஆகட்டும் மகாராஜா. தபால் வரும்போது வாங்கிக்கொள்ள ஆள் வீட்டில் இருக்க வேண்டாமா?"

"இருக்கட்டுமே! தண்டோரா போட்டுச் சொல்லிவிடும்."

"ஒருத்தர் விடாமலா?"

"ஒருத்தர் விடாமல்!"

தாண்டவராயன் சும்மா இருப்பானா? "வீட்டில் இல்லாதவனுக்குக் கசையடி என்றும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள், மகாராஜா!" என்றான். ராஜா அதற்கும் தலையாட்டினான்.

மறுநாள் உச்சிவேளை வந்தது. சாமரம் வீசினவன் சாமரத்தைக் கீழே போட்டுவிட்டுக் கிளம்பினான். காவல்காரர்கள் கிளம்பினார்கள், புலவர்கள் கிளம்பினார்கள். தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக வீட்டுக்கு ஓடினவன் தாண்டவராயன்! தபால்காரர் வந்து, "மூவுலகும் போற்றும் வேந்தே" என்று படித்தபோது கேட்கச் சபையில் இருந்தவை இரண்டு புறாக்கள்தான். அவரும் "இன்னும் நிறைய வீடு பாக்கி இருக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ராஜாவுக்கு வேர்த்துக் கொட்டியது. பசி வேறு. அடுப்படியில் போய்ப் பார்த்தால் அடுப்பு அணைந்து கிடக்கிறது. கத்திக்கொண்டே வெளியே வந்தான். எதிரே தன் வீட்டு வாசலில் மந்திரி நின்றுகொண்டிருந்தார்.

"எங்கேய்யா எல்லாரும்? இங்கே வாரும்!"

"மன்னிக்கணும் மகாராஜா, வாசலை விட்டு வரமுடியாது. கசையடி விழும்."

"அந்தச் சமையல்காரி எங்கே?"

"அடுத்த தெருவில், அவள் வீட்டில்."

இரு, அவளை நானே இழுத்து வருகிறேன் என்று ராஜா விறுவிறுவென்று நடந்தான். போய்ச் சேர்ந்தபோது தபால்காரர் வாசலில் நின்று படித்துக்கொண்டிருந்தார்: "அம்மா, காய்ச்சல் விட்டுப்போச்சு. நேத்து எழுந்து நடந்தேன். என் ஓலையெல்லாம் ஏன் திரும்பி வருது? நீ நல்லா இருக்கியா?"

வெள்ளையம்மாள் வாசற்படியில் சாய்ந்து சிரித்துக்கொண்டே அழுதாள். நிமிர்ந்தால் ராஜா! ஓடிவந்து காலைப் பிடித்துக்கொண்டாள்.

"மகராசா, நீங்க வீட்ல இருக்கச் சொல்லப்போயித்தானே இந்தச் சேதி கிடைச்சுது! என் வயித்துல பாலை வார்த்தீங்க. உங்க புள்ளகுட்டி நல்லா இருக்கணும்!"

எத்தனையோ புகழ்மாலை கேட்ட ராஜா அன்றைக்குத்தான் புகழைக் கேட்டுத் தலைகுனிந்தான். இத்தனை நாள் இவள் தவித்ததே தன்னால்தான் என்பது அவனுக்குத் தெரியாதா என்ன?

"எழுந்திரும்மா. இந்த நன்றி எனக்குச் சேராது, மந்திரிக்குத்தான் சேரும்" என்றான். அவள் கொடுத்த நீராகாரத்தைக் குடித்துவிட்டு நேராக நல்லமுத்துவின் வாசலுக்குப் போய், தன் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டுக் கைகூப்பினான். தாண்டவராயனைக் கூப்பிட்டு, "திரும்பிப்போன ஓலைகளையெல்லாம் நீயே நடந்துபோய் வாங்கிவந்து, வாசல் வாசலாகக் கொடு" என்றான். அவன் மூஞ்சியைப் பார்க்கணுமே!

மறுபடியும் தபால் விடியற்காலைக்கே வந்தது. முதல் நாள் தபால்காரர் அரண்மனை வாசலில் ஓலையைப் பிரித்து, "மூவுலகும்" என்று ஆரம்பித்தார். ராஜா கையைக் காட்டி நிறுத்தினான்.

"அது கிடக்கட்டும், ஐயா. ஊரில் எல்லார் வாசலுக்கும் போய்விட்டுக் கடைசியாக இங்கே வாரும்."