இளவரசியும் மளிகைச் சீட்டும்

புதுச்சேரியில் ஒரு ஹோட்டலில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள் ஆரோக்கியச்செல்வி. பர்கண்டி என்ற பிரெஞ்சு சிவப்பு ஒயினை ஒருநாள் ஒரு வாய் ருசித்தவள், ஒயின் பரிமாறும் வேலையையே கேட்டுவிட்டாள்.

ஹோட்டலின் ஒயின் நிபுணர் ரகோத்தமன் சிரித்தார். "இதுல செர்ரிப்பழ வாசனை வரும். நீ செர்ரி மரத்தைக் கண்ணால பாத்திருக்கியா? பர்கண்டிக்கு ருசிக்குறிப்பு எழுதிக் காட்டு. இல்லேன்னா கிளாஸே கழுவு." தான் எழுதியதையும் படித்துக் காட்டினார். "நாணமும் கம்பீரமும் கைகோத்து வரும் இளவரசி."

செல்வி எழுதினாள். "மற்ற சிவப்பு ஒயின்களைவிட நிறம் வெளிர்; கிளாஸுக்குப் பின்னால் விரல் வைத்தால் விரல் தெரியும். மோந்தால் இலந்தைப்பழமும் மழை விட்ட தோட்டத்து மண்ணும். விழுங்கினால் பால் விடாத டீ போல நாக்கு லேசாக இழுக்கும்."

"இது குறிப்பா, மளிகைச் சீட்டா?"

"குறிப்பை வெச்சு ஒயினைக் கண்டுபிடிக்க முடியணும் இல்லையா சார்? சோதிச்சுப் பாத்துடலாமே."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஹோட்டல் முதலாளியம்மாவுக்கு அது நியாயமாகப் பட்டது. மூன்று சிவப்பு ஒயின்களைத் தானே ஊற்றி ரகோத்தமன் முன்னால் வைத்தாள். "இதுல பர்கண்டி எது?"

அவர் மூன்றையும் சுழற்றினார், மோந்தார், கண்ணை மூடி யோசித்தார். இளவரசி எதிலிருந்தும் எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ஒரு கிளாஸுக்குப் பின்னால் மெல்லச் சுட்டுவிரலைக் கொண்டுபோனார்.

செல்வி பார்த்துவிட்டாள்.

"இளவரசியைத் தேட மளிகைச் சீட்டு எதுக்கு சார்?"

முதலாளியம்மா சிரித்துக்கொண்டே பாட்டில் திறப்பானைச் செல்வி கையில் கொடுத்தாள். செல்வி ஊற்றிய முதல் கிளாஸ் பர்கண்டி ரகோத்தமனுக்குத்தான். கிளாஸுக்குப் பின்னால் அவர் விரல் நன்றாகவே தெரிந்தது.