உப்பளத்துக்குப் போகவேண்டிய பீப்பாய்கள்

"பிச்சைக்கனி பட்டறை நல்லா இருக்கணும்வே! அந்த மனுசன் பீப்பாயா செய்யுதாரு? எனக்குல்லா தகடு வெட்டிப் போடுதாரு!"

டீக்கடையில் பழைய இரும்பு வாங்குகிறவர் யாரிடமோ சொல்லிச் சிரித்தார். தட்டிக்குப் பின்னால் பிச்சைக்கனி உட்கார்ந்திருந்தது அவருக்குத் தெரியாது.

பிச்சைக்கனி டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

கோபப்பட வழியில்லை. பட்டறைக்கு வரும் தகட்டில் பாதிதான் பீப்பாயாகப் போனது. மீதி, துண்டும் துணுக்குமாகச் சுவரோரம் குவிந்து கிடந்தது. பட்டறை அண்ணன் தம்பிகளுக்குப் பொதுச் சொத்து. தம்பிகள் இருவரும் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். இனி வரும் தகட்டிலும் இவ்வளவு குப்பை விழுந்தால் கதவைப் பூட்டிவிடுவோம்.

அவர் நேராக லூர்தம்மாள் வீட்டுக்குப் போனார்.

லூர்தம்மாளை ஊரே டீச்சர் என்றுதான் கூப்பிடும். தொழிற்பயிற்சி நிலையத்தில் தகட்டு வேலை சொல்லிக்கொடுத்தவர். பிறகு வீட்டை ஒட்டிச் சொந்தமாகப் பீப்பாய்ப் பட்டறை போட்டுக்கொண்டார். பிச்சைக்கனியைவிட வயதில் சின்னவர். இருவருக்கும் ஒரே தொழில்தான். ஆனாலும் கேட்டு வந்த யாரையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை.

அப்போது அவர் ஒரு புதுத் தகட்டின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் சாக்பீஸ் இருந்தது. தகட்டில் ஒரு கோடும் இல்லை.

பிச்சைக்கனி வாசலில் நின்றபடியே ஆரம்பித்தார்.

"டீச்சர், வாங்குற தகட்டுல பாதி மூட்டை கட்டிப் போவுது. ஊரு சிரிக்குது. குப்பை குறையணும். ஒரு வழி சொல்லுங்க."

"குப்பை எங்க?"

"பட்டறையில கெடக்கு."

"கொண்டாங்க."

"குப்பையையா?"

"அதப் பத்தித்தானே அண்ணாச்சி கேட்டீங்க?"

மறுநாள் ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து கொட்டினார். கொட்டிய சத்தத்தில் கூரைமேல் இருந்த காக்கைகள் பறந்தன.

"இத மறுபடியும் தகடாக்குங்க" என்றார் லூர்தம்மாள்.

"உருக்கியா?"

"அடுக்கி."

பிச்சைக்கனி தரையில் குந்தினார். ஒரு துண்டின் வளைவை இன்னொரு துண்டின் வளைவோடு சேர்த்துப் பார்த்தார். சேரவில்லை. வேறொன்றை எடுத்தார். விரலில் கீறிக்கொண்டார். லூர்தம்மாள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு நேரத்தில் தகடு தரையில் கிடந்தது. மூடியாகவும் அடித்தட்டாகவும் வெட்டிப்போன வட்டங்கள் மட்டும்தான் அதில் இல்லை. அந்த இடமெல்லாம் ஓட்டை. ஒன்றுக்கு நேர் கீழே ஒன்று, காலைப் பிரார்த்தனைக்கு நிற்கும் பிள்ளைகளைப் போல. நாலு ஓட்டைக்கு நடுவே நாலு கொம்பு வைத்த ஒரு பெரிய துண்டு.

இத்தனை வருடம் அவர் மூடியைத்தான் பார்த்திருந்தார். மூடி போன பிறகு தகடு எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தார்.

"ஏன் ஒன்னுக்கு நேர் கீழ ஒன்னு?" என்று லூர்தம்மாள் கேட்டார்.

"எங்கப்பா அப்படித்தான் போடுவாரு. மொதல்ல கட்டம். கட்டத்துக்குள்ள வட்டம்."

"கட்டம் எதுக்கு?"

பிச்சைக்கனி தரையில் கிடந்த ஓட்டைகளை மறுபடியும் பார்த்தார்.

லூர்தம்மாள் வெட்டி வைத்திருந்த மூடிகளில் இரண்டை எடுத்து ஒட்டினாற்போலப் போட்டார். மூன்றாவதை முதல் மூடிக்கு நேர் கீழே போட்டார். அதைக் கால் கட்டைவிரலால் லேசாகத் தள்ளினார். அது சறுக்கிக்கொண்டு போய், மேலே இருந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டது.

பிச்சைக்கனி சாக்கை எடுக்க மறந்து பட்டறைக்கு ஓடினார்.

*

அடுத்த முறை வாழைப்பழத் தாரோடு வந்தார்.

"டீச்சர், ஒவ்வொரு தகட்டுலயும் கூட மூடி விழுது! சுவரோரம் பாதிக் குவியல்தான். தம்பிமாரு வாய மூடிட்டானுவ."

"சந்தோசம் அண்ணாச்சி."

"இன்னும் குறைக்கணும்."

"எவ்வளவு?"

"குப்பையே இருக்கப்பிடாது."

லூர்தம்மாள் பழத்தை உரித்துக்கொண்டே மூலையைக் காட்டினார். அங்கே ஒரு ஓலைப்பெட்டி. அதில் அவர் பட்டறையின் துண்டுகள். பெரியது ஒன்றும் இல்லை. எல்லாம் மூன்று கொம்பு வைத்து மெலிந்தவை, உள்ளங்கையில் அடங்குபவை. எது எதோடு பொருந்தும் என்று பார்த்து அடுக்கியிருந்தார்.

பிச்சைக்கனிக்கு ஆச்சரியம்.

"உங்க பட்டறையிலயும் கெடக்கே!"

"கெடக்கு."

"உங்களால முடியலையா?"

"முடியல."

திரும்பிப் போகும் வழியெல்லாம் பிச்சைக்கனிக்கு ஒரே நினைப்பு. டீச்சராலேயே முடியாதது.

*

உப்பளத்திலிருந்து ஆர்டர் வந்தது. பாத்தியில் வேலை செய்கிறவர்களுக்குக் குடிதண்ணீர் வைக்கப் பீப்பாய்கள் வேண்டும்.

பிச்சைக்கனி இப்போது டீச்சரைப் போலவே தகட்டின் முன்னால் உட்கார்ந்து பார்த்தார். வட்டங்களை மாற்றி மாற்றிப் போட்டார். அதற்குமேல் நெருக்க இடமில்லை.

அப்போதுதான் மடிப்பு கண்ணில் பட்டது.

மூடியை வெட்டும்போது பீப்பாயின் வாயைவிட ஒரு விரல் அகலமாக வெட்டுவார்கள். அந்த ஒரு விரலைப் பீப்பாயின் விளிம்போடு சேர்த்து உள்ளே மடித்து, கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியலால் சுற்றிலும் தட்டுவார்கள். தட்டி முடித்தால் மடிப்பு வெளியே தெரியாது.

வெளியே தெரியாத இடத்துக்கு ஒரு விரல் எதற்கு?

பாதி விரலாகக் குறைத்தார். வட்டம் சின்னதாயிற்று. ஒரு தகட்டில் இன்னொரு மூடி கிடைத்தது.

கொட்டாப்புளி பிடிக்கும் செல்லையா மட்டும் முனகினார்.

"மடிப்பு புடிக்க மாட்டேங்கு அண்ணாச்சி. வழுக்குது."

"ஈயத்த ஊத்தி அடையும்வே. பளபளன்னு இருக்கும்."

பளபளவென்றுதான் இருந்தது.

கடைசிப் பீப்பாய் முடிந்த அன்று, விழுந்த குப்பை முழுவதையும் அவர் தோள்துண்டில் முடிந்துகொண்டார். ஒரு பீப்பாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு லூர்தம்மாள் முன்னால் போய் நின்றார். துண்டின் முடிச்சை அவிழ்த்தார்.

"இவ்வளவுதான் டீச்சர். மொத்த ஆர்டருக்கும்."

லூர்தம்மாள் அந்தத் துண்டுகளை வெகுநேரம் பார்த்தார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"கோடு சுத்தமா விழுந்திருக்கு. வட்டம் நகர்த்துறதுல என்னைய மிஞ்சிட்டீங்க அண்ணாச்சி."

அது வெறும் பேச்சில்லை. அவர் முகத்தில் தெரிந்தது. பிச்சைக்கனிக்கு உடம்பெல்லாம் பூரித்தது.

பிறகு லூர்தம்மாள் பீப்பாயிடம் வந்தார். விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினார். ஒரு இடத்தில் விரல் நின்றது. மறுபடியும் நகர்ந்தது.

"எப்பப் போவுது?"

"சாயங்காலம் லாரி வருது."

"இதுல தண்ணி ரொப்புங்க."

மூடியில் இருந்த துளை வழியாக ரொப்பித் தக்கையை அடைத்தார்கள். ஒரு சொட்டும் கசியவில்லை. பிச்சைக்கனி சிரித்தார்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன். உருட்டுங்க."

"எங்க?"

"எங்க போவணுமோ அங்க."

*

உப்பளம் தூரமில்லை. ஆனால் வெயில். வழியில் ஒரு மரம் கிடையாது. வரப்பு மேடும் பள்ளமுமாக இருந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கமாகப் பீப்பாயைத் தள்ளினார்கள். ஒவ்வொரு கல்லிலும் அது டங்கென்று விழுந்து எழுந்தது.

ஒரு இடத்தில் பிச்சைக்கனி வேர்வையைத் துடைக்க நின்றார். திரும்பிப் பார்த்தார். வந்த வழியெல்லாம் தரையில் மெல்லிய ஈரக்கோடு. தூரத்தில் இருந்த கோடு அவர் பார்க்கும்போதே காய்ந்துகொண்டிருந்தது.

"ஈயம் விட்டிருக்கும். இன்னொரு கை ஊத்தினா நின்னுரும் டீச்சர்."

லூர்தம்மாள் தள்ளினார். அவரும் தள்ளினார்.

போகப் போகப் பீப்பாய் எளிதாக உருண்டது.

பாத்தியில் பெண்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை. காலில் பழைய துணி சுற்றியிருந்தது. பீப்பாயைக் கண்டதும் ஒருத்தி குரல் கொடுத்தாள்.

"ஏட்டி, தண்ணி வந்துட்டு!"

பலகையைப் போட்டுவிட்டு எல்லாரும் வரிசையில் வந்தார்கள். பிச்சைக்கனி தக்கையைப் பிடுங்கி, பீப்பாயைச் சாய்த்துச் சொம்பில் ஊற்றினார்.

"நல்ல தண்ணி அண்ணாச்சி. உங்க கிணறா?"

"டீச்சர் வீட்டுக் கிணறு."

"பீப்பாய் புதுசா? கல்யாணப் பொண்ணு மாதிரில்லா மினுங்குது!"

சிரித்தார்கள். அடுத்தவள் குடித்தாள். அதற்கு அடுத்தவள். பிச்சைக்கனி இன்னும் சாய்த்தார். பிறகு இன்னும் சாய்த்தார். வரிசையில் ஆட்கள் இருந்தார்கள்.

பீப்பாய் தலைகீழானது. சொம்பின் அடி நனைந்தது.

அடுத்து நின்ற பெண்ணுக்கு அறுபது வயதிருக்கும். அவள் பீப்பாயைப் பார்த்தாள். பிச்சைக்கனியைப் பார்த்தாள்.

"பரவால்ல ஐயா. நேத்தும் இப்படித்தான்."

முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு பாத்திக்குத் திரும்பினாள்.

பிச்சைக்கனி லூர்தம்மாள் பக்கம் திரும்பினார். அவர் ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

"நான் போய்க் குடத்துல கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டு லூர்தம்மாள் வேகமாக நடந்தார்.

*

பட்டறை வாசலில் லாரி நின்றது. பீப்பாய்கள் பாதி ஏறியிருந்தன. தம்பிகள் இருவரும் வந்திருந்தார்கள். சின்னவர் சுவரோரம் வெறுந்தரையில் குறுக்கும் நெடுக்கும் நடந்து காட்டினார்.

"அண்ணே, குப்பையே காணோம்! இனிமே பட்டறையப் பூட்டச் சொல்லி எவன் கேப்பான்?"

"எல்லாத்தையும் எறக்கு" என்றார் பிச்சைக்கனி.

"என்னது?"

"லாரியில இருந்து எறக்கு."

"அண்ணே, காலையில பாத்திக்குப் போய்ச் சேரணும்ணே!"

"நாளைக்கு நானே போய்ச் சொல்லுதேன். முழு விரல் மடிப்பு வச்சு வேற செஞ்சு தாரேன்னு."

"தகடு? தகட்டுக்கு எங்க போவ? மறுபடியும் குப்பை மலையாக் குவியும். வெயில்ல அலைஞ்சு கிறுக்குப் புடிச்சிட்டா உனக்கு?"

செல்லையா லாரியில் ஏறினார். ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார்.

பிச்சைக்கனி தரையில் உட்கார்ந்தார். முதல் பீப்பாயை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். தகடு வெட்டும் கத்திரியை விளிம்புக்குக் கீழே கொடுத்துச் சுற்றிலும் வெட்டினார். மூடி கழன்று விழுந்தது.

அடுத்த பீப்பாயை இழுத்தார்.