ஆள் இல்லாத நாடு

அந்த ராஜா கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதை பாதியிலேயே முடிந்திருக்கும்.

நல்லது செய்ய நினைத்துத்தான் அவர் அந்தச் சட்டத்தைப் போட்டார். கூலிக்கு ஆள் வைத்திருக்கிறவர்கள் தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கஜானாவில் வரி கட்ட வேண்டும். வேலையில் கை கால் போனவர்களுக்கு அந்த வரியிலிருந்து சோறு போடப்படும். முதலாளியோடு தகராறு என்றால் ஆள் நேராக வழக்கு மன்றத்துக்கே வரலாம். ஒன்றே ஒன்றுதான், வரி கட்டப்பட்ட ஆளுக்கு மட்டுமே மன்றத்தின் கதவு திறக்கும்.

எவ்வளவு அழகான சட்டம்! முதல் மாதம் நன்றாகத்தான் ஓடியது. இரண்டாம் மாதம் தலை எண்ணப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். நாட்டில் ஆள் என்று ஒருவர்கூட இல்லை. செக்கில் மாடு ஓட்டுகிறவன் முதலாளிக்கு மருமகன் ஆகியிருந்தான். மாவு இடிக்கிறவள் ஒன்றுவிட்ட தங்கை. மூட்டை தூக்குகிறவர்கள் அத்தனை பேரும் பங்காளிகள். "வேலைக்காரனா? ஐயையோ, அவன் எங்க வீட்டுப் பிள்ளை மாதிரிங்க!" என்று சொல்லாத வாய் இல்லை. வேலை மட்டும் வழக்கம்போல நடந்துகொண்டிருந்தது.

மன்றத்தில் நடுவராக இருந்தவர் திருமேனி. ஐம்பத்தைந்து வயது. வழக்கே வராததால் மதியத்தில் நன்றாகத் தூங்குவார். அந்தத் தூக்கத்தைத்தான் பேச்சி கெடுத்தாள்.

அவள் புருஷன் சடையன் சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்தவன். நீற்றும்போது சுண்ணாம்பு தெறித்து இரண்டு கண்ணும் போய்விட்டது. காளவாய் முதலாளி வைரவநாதர் வந்து பார்த்தார், அழுதார், இரண்டு இளநீர் கொடுத்தார். மறுநாள் சடையன் நின்ற இடத்தில் வேறொருவன் நின்றான். பேச்சி போய்க் கேட்டபோது, "சடையன் எனக்குத் தம்பி மாதிரிம்மா. தம்பிக்கு எவனாவது வரி கட்டுவானா?" என்றாராம்.

மன்றத்து வாசலில் காவலன் அவளைத் தடுத்தான். வரி கட்டாத ஆளுக்கு வழக்கு கிடையாது என்றான். அவள் போட்ட சத்தத்தில் திருமேனி எழுந்து வந்து, "சரி, உள்ளே விடு" என்று சொல்லிவிட்டார். தூக்கக் கலக்கத்தில் சொன்னதுதான். ஆனால் நடுவர் வாயிலிருந்து வந்துவிட்டால் அது வழக்கு.

தீர்ப்பு நாளுக்கு முந்தின நாள் காலை ராஜா அவரை அழைத்தனுப்பினார். பக்கத்தில் உட்காரவைத்துத் தன் கையாலேயே வெற்றிலை மடித்துக் கொடுத்தார்.

"சடையன் ஆளா, தம்பியான்னு நாளைக்குச் சொல்லப் போறியாமே?"

"ஆமாம், மகாராஜா."

"யோசிச்சுச் சொல்லுப்பா. அரண்மனையிலயும் சமையல்காரர், தோட்டக்காரர், பல்லக்குத் தூக்கறவங்கன்னு எத்தனையோ பேர் என் பிள்ளைகளா இருக்காங்க. நீயும் என் பிள்ளைதான். உனக்கு முன்னாடி நடுவரா இருந்தாரே, அவரும் என் பிள்ளைதான்."

சொல்லிவிட்டு ராஜா சிரித்தார். திருமேனி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். முந்தைய நடுவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று ஊரில் யாருக்கும் தெரியாது.

வீட்டுக்குப் போய் இரண்டு வேட்டியை மூட்டை கட்டிக்கொண்டார். யாரிடமும் சொல்லாமல் ஆற்றங்கரையோரமாக நடந்தார். அங்கே அவருடைய குருவின் ஆசிரமத்துக்குப் பின்னால் ஒரு மலைப்பாதை உண்டு. அதில் ஏறி இறங்கினால் அடுத்த ராஜாவின் நாடு. போகிற வழியில் குருவைக் கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்தார்.

குருவுக்குச் சின்னச்சாமி என்று பெயர். சீடரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் திருமேனி அவர் காலில்தான் விழுவார். சின்னச்சாமி அப்போது வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"வாரும் திருமேனி. மூட்டை என்ன, ஊருக்கா?"

"சாமி, ஒரே ஒரு கேள்வி. ஆள் யாரு, பிள்ளை யாரு? எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"சாப்பிட்டீரா?"

"இறங்க மாட்டேங்குது, சாமி." நடந்ததை எல்லாம் சொன்னார். "ஆள்னு சொன்னா ராஜாவே வரி ஏமாத்தறார்னு ஆகும். என் தலை போகும். தம்பின்னு சொன்னா சடையனும் பேச்சியும் பிச்சைதான் எடுக்கணும். ரெண்டுல எதைச் சொன்னாலும் எனக்குத் தூக்கம் வராது."

"ராஜா உமக்கு என்ன வேணும்?"

"அப்பா மாதிரி, சாமி. அவரே அப்படித்தான் சொல்றார்."

சின்னச்சாமி தலையாட்டினார். எழுந்து கரைக்குப் போனார். அரண்மனைச் சமையலுக்கு வாழையிலை ஏற்றிக்கொண்டு ஒரு படகு கிளம்பிக்கொண்டிருந்தது.

"படகுக்காரரே! ராஜாவைப் பார்த்துச் சொல்லும். உங்க பிள்ளை திருமேனி எங்கிட்ட உடம்பு சரியில்லாம கிடக்கிறார். நாளைக்கு வேலைக்கு வர முடியாதாம். அப்பாவை வந்து ஒரு தடவை பார்த்துட்டுப் போகச் சொன்னார்."

"ஐயோ சாமி!" திருமேனி ஓடிவந்தார். "என்ன காரியம் பண்றீங்க? யோவ், நில்லுய்யா! நில்லு!"

படகு நீரோட்டத்தில் போய்விட்டது.

"ராஜாவைப் போய் வந்து பாருன்னு சொல்லலாமா? என்னைக் கொல்லப் பார்க்கறீங்களா?"

"பிள்ளைக்குக் காய்ச்சல்னா அப்பன் வரமாட்டானா? என் அப்பா மூணு காதம் நடந்து வந்தார். வந்து கஷாயம் கசக்குதுன்னு நான் சொன்னதுக்குத் திட்டிட்டுப் போனார்."

"எனக்குக் காய்ச்சலே இல்லையே!"

சின்னச்சாமி அவர் கையைப் பிடித்துப் பார்த்தார். "நடுங்குதே, ஓய். இது போதும்."

திருமேனி கையை விடுவித்துக்கொண்டார். மலைப்பாதையைப் பார்த்தார். இப்போதே கிளம்பினால் இருட்டுவதற்குள் உச்சிக்குப் போய்விடலாம். எழுந்தார். மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். குதிரைக் குளம்புச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே இருந்தார். கரையில் யாரோ துணி துவைத்த சத்தத்துக்கு இரண்டு தடவை துள்ளி எழுந்தார். சின்னச்சாமி மொச்சையை அடுப்பில் ஏற்றினார். "உப்பு போதுமா பாரும்" என்று கரண்டியை நீட்டினார். திருமேனிக்கு உப்பும் தெரியவில்லை, சூடும் தெரியவில்லை.

வெயில் தாழும் நேரத்தில் படகு திரும்பி வந்தது. அதில் ராஜா இல்லை. வேல் பிடித்த ஒரு சேவகன் இறங்கினான். மரியாதை தெரிந்தவன், கும்பிட்டான்.

"பிள்ளைக்கு உடம்பு முடியலைன்னு கேட்டு மகாராஜா ரொம்ப வருத்தப்பட்டார், ஐயா. நல்லா ஓய்வெடுக்கச் சொன்னார்."

திருமேனிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நிஜமாவா? அப்படியா சொன்னார்?"

"ஆமாங்க. வழக்கு நிக்கக் கூடாதில்லையா, அதனால நாளையிலிருந்து வேறொரு பிள்ளை நடுவரா உட்காருவார். முத்திரை மோதிரத்தை வாங்கிட்டு வரச் சொன்னார். நடுவர் வீட்டுச் சாவியையும்."

"நாளைக்கு ஒரு நாளைக்குத்தானே?"

சேவகன் கையை நீட்டினான்.

மோதிரம் கழலவில்லை. விரல் வீங்கியிருந்தது. சின்னச்சாமி கொஞ்சம் விளக்கெண்ணெய் கொண்டுவந்து தடவிக் கழற்றினார். திருமேனி சின்னப் பையன் மாதிரி கையைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"இது அநியாயம்ப்பா. இருபது வருஷம் உழைச்சிருக்கேன். ஒரு நாள் உடம்பு முடியலைன்னா வேலையைப் பிடுங்கறதா? நான் முறையிடணும். எங்கே முறையிடறது?"

சேவகன் சங்கடப்பட்டான். "முறையீடெல்லாம் ஆளுங்களுக்குத்தானே, ஐயா? உங்களுக்கு யாரும் வரி கட்டினதில்லையே. நீங்க பிள்ளை." குரலைத் தாழ்த்தினான். "நானும் பிள்ளைதாங்க."

சாவியையும் மோதிரத்தையும் மடியில் முடிந்துகொண்டு அவன் படகில் ஏறினான். படகு வளைவில் மறையும்வரை திருமேனி பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மணலில் உட்கார்ந்து அழுதார். அவமானத்தில் அழுதாரா, பயத்தில் அழுதாரா என்று அவருக்கே தெரியவில்லை.

சின்னச்சாமி ஒரு இலையில் சோறும் மொச்சைக் குழம்பும் வைத்துக்கொண்டு வந்தார்.

"சாப்பிடும். விடிஞ்சதும் கிளம்பணும்."

திருமேனி மலைப்பாதையைக் காட்டினார். "அந்தப் பக்கம்தானே, சாமி?"

"இல்லை. மன்றத்துக்கு."

"மன்றத்துக்கா? நான் அங்கே போய் என்ன செய்ய? எனக்குத்தான் அங்கே இடமில்லையே!"

"பேச்சி நிப்பா இல்லையா? அவ பின்னாடி நில்லும்."

"காவலன் வாசல்லயே தடுப்பான்."

"தடுப்பான்."

"புது நடுவர் ராஜாவுக்குப் பயந்தவரா இருப்பார்."

"உம்மைவிட அதிகமாவே பயந்திருப்பார். இன்னிக்கு வரைக்கும் அந்த இடத்துல யார் இருந்தாங்கன்னு அவருக்குத் தெரியுமே."

திருமேனி சோற்றைப் பிசைந்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"நீ ஆளா, பிள்ளையான்னு கேட்பாங்க, சாமி. நான் என்ன சொல்லட்டும்?"

"வேலை போயிடுச்சுன்னு சொல்லும்" என்றார் சின்னச்சாமி. "பிள்ளைக்கு எங்கேயாவது வேலை போகுமா?"