பாறைக்கு மேல் அரை அங்குலம்

"வண்டிய ஆறு அங்குலம் தூக்கணும். டயர் முப்பத்துமூணு அங்குலம் போடணும்," என்றான் காத்தவராயன்.

அற்புதமேரி குனிந்த தலை நிமிராமல் கேட்டாள். "எதுக்குண்ணா?"

"வண்டி நிக்கக் கூடாது மேஸ்திரிம்மா."

அவள் அவனைவிட எட்டு வயது இளையவள். ஜவ்வாது மலையடிவாரத்தில் பட்டறை வைத்திருந்தாள். மலையேறும் வண்டிகளில் பாதி அவள் கைபட்டவை.

அவன் வேங்கைமரத்தூர்க்காரன். மலைமேல் அறுபது வீடுகள். அங்கே இருக்கும் ஒரே டீசல் பிக்கப் அவனுடையது. சாமை மூட்டையும் அதில்தான் இறங்கும், காய்ச்சல்காரரும் அதில்தான் இறங்குவார்.

போன மழையில் பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றி வந்தான். காய்ந்த நாளில் உரசிக்கொண்டே தாண்டிவிடும் ஒரு பாறைமேல், பாதி வழியில், அன்று சேற்றில் வண்டி மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. நான்கு பேர் அவளைப் புடவைத் தூளியில் போட்டு மீதி ஏழு கிலோமீட்டர் சுமந்தார்கள்.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

சுமந்தவர்கள் திரும்பி வந்தபோது அவன் வண்டி பக்கத்திலேயே நின்றிருந்தான். யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"இந்த மலையிலேயே உசரமான வண்டி என்னுதா இருக்கணும்," என்றான்.

"எங்க இடிக்குது?"

"அடியில."

"அடியில எங்க?"

அவன் வண்டிக்கு அடியில் பொதுவாகக் கையை ஆட்டிக் காட்டினான்.

அவள் ஒரு வாளியில் சுண்ணாம்பு கரைத்தாள். வண்டிக்கு அடியில் படுத்து, முன்னிருந்து பின்வரை ஓர் இடம் விடாமல் வெள்ளை அடித்தாள்.

"ஆளுங்கள ஏத்திக்கினு ஒருவாட்டி போய்ட்டு வாங்க."

"தூக்குறது?"

"வந்தப்புறம் பேசலாம்."

சாயங்காலம் திரும்பி வந்தான். முகம் சிவந்திருந்தது.

"வழியெல்லாம் சிரிக்கிறானுங்க. வண்டிக்கு வெள்ளை அடிச்சிருக்கியே, பொங்கலான்னு கேக்குறானுங்க."

"குனிஞ்சு பாருங்கண்ணா."

குனிந்து பார்த்தான். வண்டியைத் தாங்கும் சட்டம் வெள்ளையாக இருந்தது. டேங்க் வெள்ளை. சைலன்சர் வெள்ளை. பின் அச்சின் நடுவே, பல்சக்கரங்களை மூடியிருக்கும் இரும்பு உருண்டையின் அடியில் மட்டும் சுண்ணாம்பு வழித்தெடுத்தது போல் போயிருந்தது. இரும்பு பளபளத்தது.

"ஒரே இடம்தான்."

"அதையே பாத்துக்கினு இருங்க."

அவள் சட்டத்துக்கு அடியில் ஜாக்கியை வைத்தாள். மெல்ல ஏற்றினாள்.

வண்டி அங்குலம் அங்குலமாக எழுந்தது. கதவு எழுந்தது, டேங்க் எழுந்தது, சட்டம் எழுந்தது. சக்கரங்கள் தரையிலேயே இருந்தன.

உருண்டையும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"இன்னும் ஏத்தட்டுமா?"

அவன் குனிந்து மறுபடியும் பார்த்தான்.

"உருண்டை ஏறலையே."

"ஏறாது."

"அப்ப அத எது ஏத்தும்?"

அவள் ஜாக்கியை இறக்கினாள். அளவு டேப்பை அவன் கையில் கொடுத்துவிட்டு, கை கழுவப் போனாள்.

அவன் உருண்டையைப் பார்த்தான். அச்சைப் பார்த்தான். அச்சு போய்ச் சேருமிடத்தில் இருந்த சக்கரத்தைப் பார்த்தான். டேப்பை நீட்டினான்.

மறுநாள் காலையில் பாறை இருக்கும் இடத்துக்குத் தனியாகப் போனான். சக்கரத் தடத்தில் மண்டியிட்டு, இரண்டு தடங்களுக்கும் நடுவில் நின்ற கல்லின் உச்சிவரை அளந்தான். நம்பாமல் மறுபடியும் அளந்தான்.

மத்தியானம் பட்டறைக்கு வந்தான்.

"கல்லு ஒம்பது அங்குலம். உருண்டை தரையிலேர்ந்து எட்டு. இப்ப இருக்கிற டயர் இருபத்தெட்டு. முப்பத்தொண்ணு போட்டா மூணு அங்குலம் கூடும், உருண்டை அதுல பாதி ஏறும். கல்லுக்கு மேல அரை அங்குலம் மிச்சம்."

"தூக்குறது?"

"பெரிய டயர் மட்கார்டுல உரசாம இருக்கணும். ரெண்டு போதும்."

"ஆறு கேட்டீங்க. சொன்னா செஞ்சுடுவேன். ஆறு தூக்கி, அலுங்காம ஓட்டுற மாதிரி குடுக்க இந்தப் பக்கத்துல என்னை விட்டா ஆள் கிடையாது."

"தெரியும் மேஸ்திரிம்மா. அவ்ளோ உசரத்துல பதினாலு பேரை வெச்சிக்கினு கொண்டை ஊசி வளைவு திரும்பினா வண்டி சாயும். முப்பத்துமூணு போட்டா ஏத்தத்துல இன்ஜின் திணறும்."

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. பாறைமேல உக்காந்து யோசிச்சேன்."

அவள் ஸ்பேனரை எடுத்தாள்.

இரண்டு நாளில் வேலை முடிந்தது. மூன்றாம் நாள் காலை, வண்டியை ஓட்டிப் பார்க்க அவளும் கூடவே ஏறினாள். டீக்கடையில் நின்றிருந்த ஒரு டிரைவர் வண்டியைச் சுற்றி வந்தான்.

"தூக்கப் போறேன்னியே, தூக்கலையா?"

"தூக்கியாச்சு."

"தெரியவே இல்லையே."

காத்தவராயன் கியர் போட்டான். ஏறும்போது வெறும் வண்டி பாறையைத் தொடாமல் தாண்டியது; பாரம் ஏறினால் டயர் அமுங்கும், இறங்கும்போதுதான் தெரியும் என்றாள் அற்புதமேரி.

வேங்கைமரத்தூரில் ஊரே கூடி நின்றது. அவனுடைய தாய்மாமன் சடையாண்டி தேன் எடுக்கப் போய்ப் பாறை இடுக்கில் விழுந்திருந்தார். தொடை எலும்பு முறிந்துவிட்டது.

வண்டியின் பின்னால் வைக்கோல் பரப்பி, பாயோடு அவரைத் தூக்கி வைத்தார்கள். இரண்டு பெண்கள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"துண்டக் குடு," என்றார் சடையாண்டி. "அந்தப் பாறை வர்றப்ப கத்திடப் போறேன். பொம்பளைங்க முன்னால மானம் போயிடும்."

துண்டைச் சுருட்டிப் பற்களுக்கிடையில் வைத்துக் கடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

வண்டி இறங்கியது. பாறை வந்தது.

அவன் முதல் கியருக்கு மாற்றினான். அற்புதமேரி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பின் சக்கரத்தின் பக்கம் காதைக் கொடுத்தாள்.

முன் சக்கரங்கள் கல்லின் இருபுறமும் தடத்தில் கடந்தன. பின் சக்கரங்கள் மெதுவாக வந்தன.

உருண்டை கல்லுக்கு மேல் வந்தது.

இரும்பு கல்லில் உரசும் சத்தம் கேட்கவில்லை. கல் வண்டிக்குப் பின்னால் போனது.

அவள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. இரண்டாம் கியருக்கு மாற்றினான்.

காடு முடிந்தது. மண் பாதை முடிந்தது. தார் ரோடு வந்தது. அதில் கொஞ்ச தூரம் ஓடி வண்டி நின்றது.

காத்தவராயன் இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தான். சடையாண்டி கண்ணைத் திறக்கவில்லை. துண்டை இன்னும் இறுகக் கடித்திருந்தார்.

"மாமா."

அவர் துண்டை வாயிலிருந்து எடுத்தார்.

"ஏண்டா நிறுத்திட்ட? பாறை வந்துடுச்சா?"

காத்தவராயன் நிமிர்ந்து நின்றான். அவன் குரல் ரோடுவரை கேட்டது.

"ஆஸ்பத்திரி வந்துடுச்சு மாமா."