சிவனம்மா வாய் திறந்த நாள்

அந்தக் காலத்தில் மானும் மரமும் பேசியதைப் போல, மானின் கால் எலும்புக்குள் குடியிருந்த உயிர்களும் பேசின. அங்கே இரண்டு கூட்டம். கொத்தர்கள் சுவர் எழுப்புவார்கள். இடிப்பவர்கள் சுவரைக் கரைத்துத் தின்பார்கள். கட்டி முடித்த கொத்தர் அந்தச் சுவருக்குள்ளேயே ஓர் அறையில் அடைந்துவிடுவார். பிறகு வெளியே வருவதில்லை. மயிரிழைத் துளைகள் வழியே கஞ்சி உள்ளே போகும், பேச்சு வெளியே வரும். வழியில் போகிறவர்கள் "சுகமா?" என்பார்கள். உள்ளே இருப்பவர் "சுகம்" என்று மட்டுமே சொல்லலாம். குறை சொன்னால் கட்டிய கைக்கு இழுக்கு. சாவதும் சத்தமில்லாமல்தான்.

மொக்கையன் இடிப்பவன். ஒரு பகல் அவன் சிவனம்மாவின் சுவரருகே போகையில், "சுகமா அக்கா?" என்றான்.

"இல்லை தம்பி."

அவன் நடையை நிறுத்தினான். பிறந்தது முதல் எந்தச் சுவரும் அவனிடம் அப்படிச் சொன்னதில்லை.

"மான் பள்ளம் தாண்டினப்போ சுவர் விரிசல் விட்டுடுச்சு. துளையெல்லாம் அடைஞ்சு மூணு நாளா கஞ்சி இல்லை. நான் செத்துக்கிட்டிருக்கேன்."

கொத்தர் தலைவர் ஆண்டியப்பன் பதறி ஓடிவந்தார். "வாயை மூடு, சிவனம்மா! போயும் போயும் இந்தத் தின்னிப் பய காதுலயா சொல்றே?"

"அவன் காதுலதாண்ணே சொல்லணும். பக்கத்து அறை ராக்காயி சுகம் சுகம்னு சொல்லியே செத்தா. விரிசல் அங்கேருந்துதான் வருது. மான் சினையா இருக்கு. இந்தக் கால் இன்னொரு தாவல் தாங்காது. மொக்கையா, என் வீட்டை இடி."

இடிப்பவனைப் பேர் சொல்லி வீட்டுக்கு அழைத்தவர் அதுவரை யாருமில்லை.

"உங்களை உள்ளே வச்சுக்கிட்டா அக்கா?" என்றான் மொக்கையன்.

"சுத்தி இருக்கிற வீடுகளுக்கும் சொல்லிட்டேன். உயிரோட இருக்கிறவங்க 'வராதே'ன்னு கத்துவாங்க. அங்கே நில்லு. கத்தாத சுவரை விடாதே."

"அக்கா?"

அவன் சுவரைத் தட்டினான்.

"அக்கா!"

கத்தாத அந்தச் சுவரில் அவன் வாய் வைத்தான். ராக்காயியின் அறை கரைந்தது. சிவனம்மாவின் அறையும் கரைந்தது. உள்ளே ஒரு பிடிப் பொடி கிடந்தது, அவ்வளவுதான். அதற்கப்பால் ஒரு சுவர் வீறிட்டது: "வராதே! நான் இருக்கேன்!"

அவன் நின்றான். பாதி வயிறுதான் நிறைந்திருந்தது, ஆனாலும் நின்றான். திரும்பிப் பார்த்தவனுக்குத் தான் பறித்த பள்ளமே திகிலாக இருந்தது. அக்கா இருந்த இடம் வெறும் வெளி. தின்பதைப் பாதியில் நிறுத்தினால் இடிப்பவன் பிழைப்பதில்லை; அவன் உடம்பு ஓரத்திலிருந்து உதிரத் தொடங்கியது.

"தலைவரே, பழுது நீங்கிடுச்சு. ஆளைக் கூட்டிட்டு வந்து கட்டுங்க... சீக்கிரம்," என்றான். அதோடு பொடிப்பொடியாகிப் போனான்.

அவன் நிழலைக்கூட மிதிக்காத ஆண்டியப்பன் அந்தப் பொடியருகே வந்தார். பிறகு பள்ளத்தில் இறங்கி முதல் பூச்சை வைத்தார். அவர் கூப்பிட, மற்ற கொத்தர்களும் பின்னால் இறங்கினார்கள். சில மாதங்கள் கழித்து, அந்தக் காலை ஊன்றித்தான் மான் தன் குட்டிக்குப் பால் கொடுத்தது.

அன்று முதல்தான், எலும்புக்குள் சாகும் உயிர் இடிப்பவனை அழைத்துவிட்டுச் சாகிறது. இடித்தவன், கட்டுபவனை அழைத்துவிட்டுச் சாகிறான்.