மாசிலாமணி வீடு விற்ற கதை

முன்னொரு காலத்தில், மழை பெய்தால்கூடச் சட்டம் போடுகிற ஒரு ராஜா இருந்தார். அவர் பெயர் வீரகண்டன்.

அந்த வருஷம் அவர் ஆசைப்பட்டு ஒரு வியாபாரியிடம் தோட்ட மாளிகை ஒன்றை வாங்கினார். முதல் மழையிலேயே கூரை ஒழுகியது. எங்கோ ஒரு மூலையில் ஒழுகியிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பார். சரியாக அவர் சாப்பாட்டு இலைமேல் ஒழுகி, ரசம் சாதம் கஞ்சியாகிவிட்டது.

"வீட்டை விற்றவன் இதை ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று ராஜா கர்ஜித்தார்.

"கேட்க நாதியில்லை என்கிற தைரியம்தான், அரசே" என்றார் பக்கத்தில் நின்ற பிரதானி அனந்தப்பர். "ஒரு சட்டம் போட்டுவிட்டால் எல்லாம் ஒழுங்காகிவிடும்."

மறுநாளே முரசு அறைந்தார்கள். வீடு விற்பவர் ராஜசபையில் வாங்குபவர் எதிரே நின்று இரண்டு ஓலை எழுதித் தரவேண்டும். ஒன்று குறை ஓலை. ஒழுகல், கறையான், பங்காளி வழக்கு எல்லாம் அதில் வரும். அதற்கேற்ப விலை குறையும். மற்றது உரிமை ஓலை. கிணறு, மரம், நடைபாதை எல்லாம் அதில் வரும். அதற்கேற்ப விலை கூடும். குடியிருப்பவருக்குத் தெரிந்த எதையாவது விற்பவர் மறைத்தால், வாங்குபவருக்கு வீடு இனாம்.

முரசுச் சத்தம் கேட்டதும் அரசவை விகடப் புலவர் மாசிலாமணி தலையில் கைவைத்துத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். முந்தின நாள்தான் அவர் தம் வீட்டை விற்பதாகச் சொல்லி அச்சாரம் வாங்கியிருந்தார். அச்சாரம் கொடுத்தவர் வேறு யாருமில்லை, இதே அனந்தப்பர்தான். அச்சாரம் வாங்கிய பிறகு விற்கமாட்டேன் என்று பின்வாங்க முடியாது.

"ஒழுகல் இல்ல, கறையான் இல்ல, நமக்குப் பங்காளியும் இல்ல. அப்புறம் எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள் அவர் மனைவி செங்கமலம்.

"நாம எதுக்கு விக்கிறோம்? அதச் சொல்லு."

செங்கமலம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காரணம் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அரண்மனையின் ஆற்றங்கரை மண்டபம் அது. ராஜாவுக்கு இரண்டு வருஷமாகச் சங்கீதப் பித்து. விடியலில் மண்டபத்தில் உட்கார்ந்து பூபாளம் பாடுவார். அவர் பூபாளம் என்றுதான் நினைத்துப் பாடுவார். மாசிலாமணி வீட்டுப் பசு பால் கறப்பதைக் குறைத்துவிட்டது. செங்கமலம் இரண்டு வருஷமாகச் சரியாகத் தூங்கவில்லை.

"ஐயோ, ராஜா பாட்டக் குறைன்னு எழுதினா தலை போயிடும். எழுதாம விட்டா வீடு போயிடும். நமக்கு இருக்கறது இந்த ஒரு வீடுதாங்க!"

"அந்த அனந்தப்பர் தெரிஞ்சுதான் அச்சாரத்த நீட்டியிருக்காரு. சபையில ராஜா பாட்டுக்குக் கண்ணீர் விடற ஆளு. நேத்து வீடு பாக்க வந்தப்ப காதுல பஞ்சு வச்சிருந்தாரு, பாத்தியா?"

விற்பனை நாள் வந்தது. சபை நிறைந்திருந்தது. கணக்கர் எழுத்தாணியோடு தயாராக இருந்தார். கிணறு, நடைபாதை எல்லாம் சேர்த்து வீட்டின் விலை ஐந்நூறு வராகன் என்று பேச்சு.

"புலவரே, ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும்" என்றார் அனந்தப்பர், தேன் ஒழுகும் குரலில். "எனக்கு ஒன்றும் அவசரமில்லை."

"அப்படியே ஆகட்டும். குறை ஓலையில் எழுதுங்கள் கணக்கரே: பின்கட்டுக் கதவு மழைக்காலத்தில் உப்பிக்கொள்ளும், காலால் உதைத்தால்தான் திறக்கும். உரிமை ஓலையில் எழுதுங்கள்: வற்றாத கிணறு ஒன்று, ஆற்றுக்குப் போக நடைபாதை ஒன்று. அப்புறம்..." மாசிலாமணி சிம்மாசனத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "விடியலில் மகாராஜா பாடும் பாட்டு, மதிலைத் தாண்டி வீடு முழுக்கக் கேட்கும்."

சபையில் விசிறி வீசியவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். ராஜாவின் புருவம் ஏறியது.

"எம்முடைய பாட்டா? அதை எந்த ஓலையில் எழுதச் சொல்கிறீர்?"

"அதைச் சொல்லவேண்டியவர் வாங்குபவர்தான், அரசே. குறை என்றால் விலையைக் குறைத்துக் கேட்கப்போகிறவர் அவர். உரிமை என்றால் கூட்டிக் கொடுக்கப்போகிறவரும் அவரே. நான் மறைக்கவில்லை. அதோடு என் கடமை தீர்ந்தது."

எல்லாக் கண்களும் அனந்தப்பர்மேல் திரும்பின. அவர் கணக்கர் பக்கம் திரும்பினார்.

"பாட்டு வீட்டுக்கு வெளியே அல்லவா இருக்கிறது? அதை எதற்கு ஓலையில்..."

"நடைபாதையும் வெளியேதான் இருக்கிறது, பிரதானி அவர்களே. அதை எழுதும்போது சும்மாதானே இருந்தீர்கள்?"

"சொல்லும், பிரதானி" என்றார் ராஜா. "குறையா, உரிமையா?"

"உ... உரிமைதான், அரசே! தேவகானம் அல்லவா! பெரும் உரிமை!"

"நல்லது" என்றார் மாசிலாமணி பணிவாக. "அந்தப் பெரும் உரிமைக்கு எவ்வளவு கூட்டிக் கொடுக்கிறீர்கள்?"

அனந்தப்பர் மெல்ல, "ஐம்பது வராகன்" என்றார்.

ராஜா தொண்டையைச் செருமினார்.

"நூறு என்று சொல்ல வந்தேன்! நூறு!"

ராஜா உத்தரத்தைப் பார்த்தார்.

"முந்நூறு!"

"கிணற்றுக்கே நூற்றைம்பது போட்டிருக்கிறார்கள்" என்று கணக்கர் ஓலையைப் பார்த்து முணுமுணுத்தார்.

"ஐந்நூறு! வீட்டு விலை எவ்வளவோ, பாட்டுக்கும் அவ்வளவு!" என்று கத்திவிட்டு அனந்தப்பர் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

கணக்கர் எழுதி முடித்தார். கையெழுத்தும் ஆயிற்று. மாசிலாமணி ஆயிரம் வராகனை எண்ணி முடிந்துகொண்டு கிளம்பும்போது, "சற்று நில்லும்" என்றது சிம்மாசனத்துக் குரல்.

"வீட்டு விலைக்குச் சமமான உரிமை கையில் இருக்கும்போது, அதை விட்டுவிட்டு நீர் ஏன் ஐயா போகிறீர்?"

மாசிலாமணி திரும்பி நின்றார். பொய் சொன்னால் மறைத்த குற்றம். மெய் சொன்னால் அதைவிட மோசம். அவர் இரு கையும் கூப்பினார்.

"அரசே, குறையைச் சொல்லவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. உரிமையைச் சொல்லவேண்டும் என்றும் இருக்கிறது. இரண்டையும் சொல்லிவிட்டேன். விற்கிற காரணத்தைச் சொல்லவேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லையே!"

ராஜா அவரையே உற்றுப் பார்த்தார். ஒரு கணம் முகம் சிவந்தது. பிறகு மீசை துடித்தது. தோள் குலுங்கியது. கிரீடம் சரிந்து காதில் முட்டும்படி அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"பிழைத்தீர் புலவரே!" என்று தம் கையிலிருந்த கடகத்தைக் கழற்றி மாசிலாமணிக்குப் பூட்டினார். "ஊரின் அந்தக் கோடியில், நம் குரல் எட்டாத இடமாகப் பார்த்து ஒரு வீட்டை அரண்மனைச் செலவில் எடுத்துக்கொள்ளும். உம் மனைவியாவது நிம்மதியாகத் தூங்கட்டும். பிரதானி, நீர் நாளைக்கே குடிபோய்விடும். விலை கொடுத்து வாங்கியவரை நாம் ஏமாற்றக்கூடாது. இனிமேல் ஒரு நாழிகை கூடுதலாகப் பாடுகிறோம்."

அனந்தப்பர் "பாக்கியம், அரசே" என்றார். இந்த முறை அவர் கண்ணில் வந்த நீர் நிஜமானது.

கணக்கர் மட்டும் எழுத்தாணியைக் கீழே வைக்கவில்லை. "மகாராஜா, சட்டத்தில் அந்த ஓட்டையை அடைத்துவிடட்டுமா? விற்பவர் காரணத்தையும் சொல்லவேண்டும் என்று?"

"வேண்டாம் ஐயா, வேண்டாம்!" என்று ராஜா சிரிப்பை அடக்கமாட்டாமல் கையை ஆட்டினார். "அதே காரணத்தைச் சொல்லிக்கொண்டு அந்தத் தெருவே இங்கே வந்து வரிசையில் நிற்கும்!"