எலுமிச்சம்பழம் வச்ச இடம்

மில்லுக்காரர் தெய்வசிகாமணி வாய்க்காலுக்கு அக்கரையில ரெண்டு ஏக்கர் வாழைத்தோட்டம் வாங்கினாரு. அதுக்கு ஒரு டிராக்டர் வேணும். "இருபது எச்.பி. போதுமுங்க"ன்னான் தோட்டத்தாளு ராக்கியப்பன். மில்லுக்காரருக்கு அது கௌரவக் குறைச்சல். அம்பது எச்.பி. கொண்டாரச் சொல்லிட்டாரு.

வெள்ளோட்டத்துக்கு வண்டி வந்து மாடிவீடாட்டம் நின்னுது. ஊரே கூடிருச்சு.

"ராக்கியப்பா, இதுல ஒரு குறை சொல்லுடா பாக்கலாம். நல்ல நேரம் முடியறதுக்குள்ள சொன்னா நீ கேட்ட சின்ன வண்டி. சொல்லாட்டி நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

"மொதல்ல பூசையை முடிச்சுருவோமுங்க"ன்னுட்டு, ராக்கியப்பன் ரெண்டு எலுமிச்சம்பழத்தோட நடந்தான். தோட்டத்துக்குப் போக ஒரே வழி, வாய்க்கால் மேல கிடந்த நாலடி அகலக் கல்லுப்பாலம். அதோட ஓரத்துல பக்கத்துக்கு ஒண்ணா பழத்தை வச்சான்.

"நசுக்கிட்டு உள்ள வரட்டுங்க."

வண்டி கொண்டாந்த டிராக்டர் கம்பெனிக்காரர் ஜம்முனு ஓட்டிட்டு வந்தாரு. பாலத்துக்கிட்ட சடக்குனு நிறுத்தி எட்டிப் பாத்தாரு. பாலத்தைவிட வண்டி அகலம். ரெண்டு பழமும் சக்கரங்களுக்கு நடுவுல சொகமா உக்காந்திருந்துது.

"பழத்தைக் கொஞ்சம் வெளிய தள்ளி வைடா!"ன்னு கத்தினாரு மில்லுக்காரர்.

"வெளிய தண்ணிங்க. பழம் மிதக்கும். வண்டி மிதக்குங்களா?"

கம்பெனிக்காரரே சிரிச்சுட்டாரு. மில்லுக்காரர் கைக்கடிகாரத்தைப் பாத்தாரு. நல்ல நேரம் முடிய இன்னும் பத்து நிமிசம் பாக்கி இருந்துது.

அடுத்த வாரம் சின்ன வண்டி வந்துது. இந்தத் தடவை மில்லுக்காரரே குனிஞ்சு பழத்தை வச்சாரு, பக்கத்துக்கு நாலு விரல் உள்ள தள்ளி. ராக்கியப்பன் நசுக்கிட்டு வாழைக்குள்ள போனான்.